கால் மட்டும் நனைக்கலாம்

"போய்ட்டு வாங்க, நான் வேண்டாங்கலை. ஆனா எம் பையன் கடல்ல முழுகக் கூடாது. கால் நனைச்சாப் போதும்."

அரிசி புடைத்துக்கொண்டே சென்னியம்மாள் சொன்னதைக் கேட்டதும், டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மருமகள் சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏனுங்கம்மா, ராமேஸ்வரம் வரைக்கும் போயி முழுகாம வாரதா?" என்றான் ஈஸ்வரமூர்த்தி. "கடல்ல முழுகிட்டுத்தானுங்க கோயிலுக்குள்ளயே போறது!"

"உள்ள தீர்த்தக் கெணறு இருக்குதல்ல? அதுல மொண்டு ஊத்திக்க சாமி. அது போதும்."

இந்தப் பயணத்துக்கு மூலகாரணம் சாந்தாமணிதான். பல்லடத்தில் பிறந்து, போன வருஷம் சிங்காநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நொய்யலில் வெள்ளம் வந்தபோது பார்த்ததுதான் அவள் கண்ட பெரிய தண்ணீர். அப்படிப்பட்டவளிடம், மில்லில் ஈஸ்வரமூர்த்தியோடு வேலை பார்க்கும் சுந்தரராஜுலு வந்து அளந்துவிட்டுப் போனார். கடல்மேலேயே ரயில் போகிறதாம். தீவின் கடைசியில் தனுஷ்கோடியாம். ஒரு பக்கம் பெண்கடல் குளம்போலக் கிடக்க, மறுபக்கம் ஆண்கடல் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறதாம். கொழும்புக்குக் கப்பலேற வந்த துரைமார்கள் வேலைவெட்டி இல்லாமல் மணலில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்களாம்.

அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாகத் திட்டம் போட்டுவிட்டார்கள். சாமிக்கு ஒரு நாள், மணலுக்கு மூன்று நாள். சென்னியம்மாளிடம் மட்டும் எல்லா நாளையும் சாமி பேரிலேயே எழுதிவிட்டார்கள்.

சாந்தாமணியின் ஆசை பெரிதொன்றும் இல்லை. கட்டினவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு அலையில் முங்கி எழ வேண்டும். மாமியார் நடமாடும் வீட்டில் பகலில் அவனோடு நாலு வார்த்தை பேசுவதற்கே அவளுக்குக் கூச்சம், கையைப் பிடிப்பதாவது! போத்தனூரில் ரயிலேறினால்தான் அதற்கெல்லாம் வழி.

நேற்று வரைக்கும் சென்னியம்மாளும் குறுக்கே நிற்கவில்லை. முறுக்குச் சுட்டுத் தந்தாள். புளிச்சோற்றை எப்படிக் கட்டினால் ஊசிப்போகாது என்று சொல்லிக் கொடுத்தாள். இன்று காலையிலிருந்துதான் போக்கே மாறிவிட்டது. பயணத்துக்கு முன்னால் மகனுக்குச் சவரம் பண்ண வந்தவரை, "இப்ப வேண்டாமப்பா, போய்ட்டு வா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். இப்போது கடலுக்கும் தடை.

"தாடியும் மீசையுமாக் கரையில நின்னு வேடிக்கை பாக்கோணுங்களா?" ஈஸ்வரமூர்த்திக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"நில்லு. சாமியார்னு நெனச்சு நாலு பேரு கும்புட்டுட்டுப் போவாங்க."

"அப்படி ஒரு ராமேஸ்வரமே வேண்டாமுங்க! ராஜுலுகிட்ட நாங்க போகலைன்னு சொல்லிப்போட்டு வாரேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் விறுவிறுவென்று வெளியேறினான்.

சாந்தாமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெட்டியில் அடுக்கிய சேலையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். யாரோ அத்தையிடம் திட்டத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால், நேற்று மத்தியானம் உளுந்து ஆட்டும்போது ஆட்டுக்கல் பக்கத்திலேயே சாய்ந்து தூங்கிப்போனாளே, அதற்கான தண்டனையாக இருக்கும். எழுந்து பார்த்தபோது மாமியாரே மாவை வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் திட்டவில்லை. திட்டாத மாமியாரைக் கண்டால் எந்த மருமகளுக்குத்தான் பயம் வராது?

வந்தது வரட்டும் என்று சாந்தாமணி வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கத்தை, கோவம்னா என்னையத் திட்டிப்போடுங்க. சாமிக்கு ஒரு நாளு, மணலுக்கு மூணு நாளுன்னு சொன்னது நாந்தானுங்க. நேத்து மத்தியானம் தூங்கினதும் தப்புத்தானுங்க. அதுக்கு அவர எதுக்குங்க தண்டிக்கறீங்க? அவரு பாவமுங்க."

சென்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தாள். மகன் தெருமுனை தாண்டிவிட்டான் என்று தெரிந்த பிறகே திரும்பி வந்தாள். கிட்ட வந்து மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டபோது சாந்தாமணிக்கு ஒன்றுமே புரியவில்லை.

"மூணு நாளா? ஒரு வாரம்கூட இருந்துட்டு வாங்க. அந்த மணல்ல சும்மா உக்காந்துக்க, ஓடியாடாத. தூக்கம் வந்தா நல்லாத் தூங்கு."

"அப்பறம் ஏனுங்கத்தை அவர முழுக வேண்டாங்கறீங்க?"

"கடல் நெனப்புல நீ நாள் கணக்கையே மறந்துபோட்ட அம்மணி. இந்த மாசம் நீ தூரம்னு ஒதுங்கி உக்காரவே இல்லையே!" சென்னியம்மாள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "பெத்த பையன்கிட்ட இதை நான் எந்த வாயில சொல்லுவேன்? அவன் வந்ததும் நீயே சொல்லு, புள்ளத்தாச்சியோட புருசன் சவரமும் பண்ணக் கூடாது, சமுத்திரத்துல முழுகவும் கூடாதுன்னு."