ஓரத் தையலுக்குள் இருந்த பச்சை

பட்டாளத்து ஜீப் ஒன்றை அசல் மாறாமல் புதுப்பிக்கிறேன் என்று வாங்கிவந்தவர், அதன் கிழிந்த படுதாவைக் கழற்றித் தரையில் விரித்தார். புதுப் படுதாவுக்கான துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துப் பார்த்தார். கடைசியில் வெளிறிய சாம்பல் துண்டைத் தூக்கி, "இதுதான் அசல் நிறம்" என்றார்.

படுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என் நிறமா? நாற்பது வருஷ வெயிலய்யா இது. ஓரத் தையலைப் பிரித்துப் பாரும்." கேட்பாரில்லை.

அளவெடுக்க வந்த தையல்காரர் தற்செயலாக அந்த ஓரத்தைப் பிரித்தார். உள்ளே கரும்பச்சை அப்படியே இருந்தது.

"எவனோ பிற்பாடு வைத்துத் தைத்த ஒட்டு" என்று வாங்கியவர் அதைக் கத்தரித்து எறிந்தார்.

"கூடவே இருந்தவன் நீ. வாயைத் திறந்து சொல்லேன்" என்றது படுதா, ஜீப்பிடம்.

சாம்பல் படுதா போட்டுக்கொண்ட ஜீப், "எனக்குச் சரியாக ஞாபகமில்லை. இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது" என்றது.

எண்ணெய் ஒழுகுகிறதென்று பழைய படுதாவை ஜீப்புக்கு அடியில் விரித்தார்கள்.

"நீ நனையாமல் இருக்கத்தான் நான் கிழிந்தேன். அதுவாவது ஞாபகம் இருக்கிறதா?"

ஜீப்பிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் படுதாவின் மேல் விழுந்தது.