பேச்சி வந்த காடு

"அம்மிக்குழவியப் போயா ஒருத்தன் களவாங்குவான்? வெளங்குவானா அவன்?" சொக்கம்மாள் விடிந்ததிலிருந்து முகம் தெரியாத திருடனைச் சபித்துக்கொண்டிருந்தாள். துவையல் அரைக்க வழியில்லை.

அவள் கணவர் ஆவுடைநாயகம் மஞ்சள் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஐந்தருவிச் சாலையோரம் இருந்த காட்டைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தார்.

காடென்றால் பழைய காடில்லை. எழுபத்தாறாம் வருஷத்தில் அது தண்ணீரில்லாமல் தரிசாய்ப் போன நெல்வயல். அவர் மலையேறிப் பொறுக்கி வந்த விதைகளை முளைக்கவைத்து, வீட்டுக்குப் பத்துக் கன்று என்று ஊராரைக் கெஞ்சி நடவைத்தார். நாங்கு, காட்டுப்பலா, நாவல் என்று நாற்பது வீட்டார் நட்டார்கள். மூன்று கோடை பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஒன்பது வருஷத்தில் மரங்கள் மூன்று ஆள் உயரம் போய்விட்டன. வற்றிக் கிடந்த ஊற்றில் போன வருஷம் தண்ணீர்கூடக் கசிந்தது.

என்ன இருந்து என்ன? பட்டா, மெட்ராஸில் இருக்கும் அண்ணன் குற்றாலிங்கம் பேரில். அவர் மரங்களைச் சுரண்டைச் செங்கல் சூளைக்காரர் கடற்கரை என்பவருக்கு விறகாக விற்றுவிட்டார். ஆவுடைநாயகம் போட்ட ஏழு கடிதத்துக்கும் பதிலில்லை. இன்றைக்கு வெட்டு.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெட்டாட்கள் ஏழு பேரும் கோடரியைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள். பெரிய நாங்கு மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் பூசி, சிவப்புத் துணி சுற்றிய நீள் உருண்டைக் கல் ஒன்று செங்குத்தாக நின்றது.

"பேச்சியாத்தா வந்து உக்காந்திருக்கா மொதலாளி. இங்கன கோடாலி வச்சா எங்க புள்ளகுட்டி வெளங்காது" என்று கடற்கரையிடம் சொன்னான் அவர்களில் மூத்தவனான பலவேசம்.

"நேத்து வரைக்கும் இல்லாத பேச்சி இன்னைக்கு எங்கருந்துலே வந்தா?" கடற்கரை கல்லை உற்றுப் பார்த்தார். "இது மனுசன் வச்ச கல்லுன்னு யாராச்சும் ஒருத்தன் சொல்லட்டும். மொத வெட்டு நானே வெட்டுதேன்."

யாரும் சொல்லவில்லை. கடற்கரை காட்டின் வாசலில் போய் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். ஆனால் ஊருக்குக் கிளம்பவில்லை.

ஆவுடைநாயகத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அறுபது வயசில் சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல்கூட அப்போது இல்லை.

சேதி கேட்டு அரை மணியில் மரம் நட்டவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூட்டத்தோடு வந்த சொக்கம்மாள் கல்லைப் பார்த்தாள். பிறகு புருஷனின் விரல்களைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த மூன்று கோடையிலும் எல்லாரையும்விட அதிகக் குடம் சுமந்தவள் குழல்வாய்மொழி. அவள் கல்லின் முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, அடிமேல் அடி வைத்து, உதடு முணுமுணுக்க மரங்களைச் சுற்றி வந்தாள். பக்தியில் பிரதட்சணம் செய்கிறாள் என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நாம வச்ச காட்டத் தேடி ஆத்தாளே வந்திருக்கா. இந்த ஆடியிலயே கொடை கொடுத்துரணும்" என்றாள் அவள்.

"கொடுத்துருவோம்மா. பேஷாக் கொடுத்துருவோம்."

"கொடைன்னா சும்மாவா? கோயில் கட்டணும். பொங்கல் வைக்கணும், வில்லுப்பாட்டுக்குப் பந்தல் போடணும். அளந்து பாத்துட்டேன், எடம் பத்தாது. நாங்க நட்ட மரந்தான, ஆத்தாளுக்காக வெட்டி எடுத்துக்கிடுங்க. ஊத்துப் பக்கம் மட்டும் ரெண்டு நிக்கட்டும், நெழலுக்கு."

நாற்பது வீட்டாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆவுடைநாயகம் கையை நீட்டி மறித்தார். "குழலு, அந்தக் கல்லு வந்து..." என்று ஆரம்பித்தார்.

வாசலில் கடற்கரை திரும்பிப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தும்விட்டார்.

ஆவுடைநாயகம் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் கடற்கரை வெட்டுவார். சொல்லாவிட்டால் இவர்கள்.

பலவேசம் கோடரியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆவுடைநாயகத்தின் முன்னால் பணிவாக வந்து நின்றான்.

"சாமி காரியத்துக்குக் கூலி வேண்டாம் அண்ணாச்சி. எந்தப் பக்கத்துலருந்து வெட்டணும்னு மட்டும் சொல்லுங்க."