நாற்பதாம் எண்ணின் காவல்

கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் ஆஸ்பத்திரி சர்வரின் கோப்பில் ஒரு குறிப்பு வரி இருந்தது: ‘முகவரி நாற்பது, குழந்தைகள் வார்டு அலாரத்துக்கு ஒதுக்கியது.’ அதன் தலையில் # குறி. அந்தக் குறி போட்ட வரிகள் மனிதர் படிக்க மட்டும்தான். சர்வர் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

அலாரத்தைத் துடைக்க அணைத்திருந்த நேரம், புது டிவி முகவரி கேட்டு வந்தது.

“நாற்பது காலியாத்தான் இருக்கு, எடுத்துக்கோ,” என்றது சர்வர்.

“ஐயையோ, குடுக்காதே!” என்று தொண்டை கிழியக் கத்தியது அந்தக் குறிப்பு வரி. சர்வருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்த அலாரத்துக்கு முகவரி இல்லை. அன்றிரவு ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றபோது, நர்சுகளை எட்ட வழியில்லாமல் தனக்குள்ளேயே அலறியது. மூன்றாம் தொட்டில் காலியானது.

மறுநாள், அந்தக் கோப்பை எழுதிய பொறியாளர் கண்கலங்கி, கீழே இன்னொரு வரி எழுதினார்: ‘மேலே உள்ளதை மீறவே கூடாது.’ அதன் தலையிலும் # போட்டார்.

“அக்கா, நான் கத்தினா சர்வருக்குக் கேட்கும்ல?” என்றது புது வரி.

பழைய வரி அதன் தலையிலிருந்த # குறியைப் பார்த்தது.