இரண்டும் சேர்ந்தால்

வயல் பரிசோதனையின் முடிவுத்தாளைக் கையில் பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக முரசுமோட்டைக்கு வந்து சேர்ந்தாள் ஆய்வு மாணவி பிரியந்தினி.

"ஐயா, புது நெல்லையும் புதுப் பசளை உரத்தையும் போன வருசம் தனித்தனியாச் சோதிச்சன். ரெண்டிலையும் நல்ல விளைச்சல். இந்த முறைதான் ஒரே வயல்துண்டிலை சேர்த்துப் பார்த்தன். முழுக்கப் பதர்! இதுவரைக்கும் ஆரும் கண்டுபிடிக்காத விசயம்!"

விவசாயி அப்புத்துரை தன் வயலைப் பார்த்தார்.

"பயிர் வடிவா நிக்குது. என்ன நெல்லு ஐயா?"

"போன வருசம் நீங்கள் விவசாயிகள் கூட்டத்திலை சொன்ன புது நெல்லு."

"பசளை?" அவள் கையிலிருந்த தாளை மடித்தாள்.

"அதுவும் நீங்கள் சொன்னதுதான். இஞ்சையிருந்து பரந்தன் வரைக்கும் பாருங்கோ பிள்ளை. எல்லாரும் உங்கடை சொல்லைத் தட்டாமல் ரெண்டையும்தான் போட்டிருக்கினம்."