சன்னலை மறைத்தவர்

பேராசிரியர் திரைக்கு முன்னால். ஆராய்ச்சி மாணவி கருவியை ஒட்டி, அவருக்கு இடப்பக்கம். நான் கதவோரம், பதிவேட்டோடு. ஏசி மெக்கானிக் சன்னல் திண்டில்.

மெக்கானிக் கணக்கில் இல்லாத ஆள். ஏசியை நிறுத்த வந்தவரை, அளவீடு தொடங்கிவிட்டதால் அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டோம். நல்ல அகலமான மனிதர்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பேன். ஒருவர் தரையில் கால் தட்டினாலே போதும், இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மூலக்கூறு கழன்றுவிடும். பிறகு, அசைந்தது யார் என்று சண்டை வரும்.

இன்று நான்காவது முறை.

மூலக்கூறு ஓர் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டால் மின்னோட்டம் எகிற வேண்டும். மூன்று முறையும் எகிறவில்லை. இன்றும் இல்லையென்றால் அந்த மூலக்கூறு மிச்சமிருக்கும் குப்பியைக் கொட்டிவிடுவார்கள். மூலக்கூறை ஐந்து வருடம் உழைத்துச் செய்து அனுப்பிய வெளியூர்ப் பெண்ணுக்கு, "வருந்துகிறோம்" என்று கடிதம் போகும். காலையிலேயே எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன்.

மாணவி மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது.

பிறகு ஒரே தாவலாக எழுந்தது. நூறு மடங்கு!

யாரும் மூச்சுவிடவில்லை. மெக்கானிக் மட்டும் என்னவென்று பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

கோடு விழுந்தது.

"யோவ், நேரா உட்காருய்யா!" பேராசிரியர் அலறினார்.

உட்கார்ந்தார். கோடு எழுந்தது.

மூலக்கூறு கழன்றிருந்தால் திரும்பி வந்திருக்காது. பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று முறையும் சன்னலோரம் காலி.

"சார், வெயில்!" என்று கத்தினேன்.

கருவியின் கண்ணாடி மூடிமேல் மெக்கானிக்கின் நிழல். வெளிச்சம் பட்டதுமே மூலக்கூறு எலெக்ட்ரானை உதறிவிட்டிருக்கிறது. ஆறு முறை அவரைச் சாய்ந்து நிமிரச் சொன்னோம். ஆறு முறையும் கோடு அவர் அசைந்தபடியே ஆடியது.

"அப்ப எனக்கும் டாக்டர் பட்டம் உண்டா சார்?" என்றார்.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல, புதுக் கடிதம் எழுதினேன். "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மூலக்கூறு அருமையாக வேலை செய்கிறது. இருட்டில்."

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பொழச்சது அந்தப் பொண்ணோட குப்பி. உனக்கு ஏன்யா இவ்வளவு சந்தோஷம்?"



பழைய கடிதத்தை உருவிக் கிழித்தேன். புதியதை மடிப்பதற்குமுன், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

"அக்கா, கொட்டிடுவாங்களோன்னு பயந்து குப்பியை நேத்தே ஒளிச்சு வச்சுட்டேன்."

உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன்.