பேச விடாத வேலை

"வணக்கம், வணக்கம், வணக்கம்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் வைத்திலிங்கம். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், விழாவுக்கு வந்த கோலம்.

"போதும் சார், மைக் சரியா இருக்கு" என்று இலக்கியா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீங்க போயி அந்த லேப்டாப்கிட்ட உக்காருங்க."

பன்னிரண்டு வருடங்களாக அந்த சிமெண்ட் ஆலையின் ஊழியர் விழாவை அரியலூர் கல்யாண மண்டபத்தில் நடத்தி வைத்தவர், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் வைத்திலிங்கம்தான். ஆயிரம் பேரைச் சிரிக்க வைப்பார், ஒரே வார்த்தையில் அடக்கியும் உட்கார வைப்பார். இந்த வருடம் கொரோனா. கூட்டம் கூடாது, விழாவை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம் என்று ஜி.எம். அறிவரசன் சொல்லிவிட்டார். பொறுப்பு, கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத மீன்சுருட்டி ஊர்ப் பெண் இலக்கியாவுக்குப் போனது.

வைத்திலிங்கத்துக்குக் கிடைத்தது வேறு வேலை. முந்தின நாள் ஒத்திகையில்தான் அது முடிவானது.

"சார், கொஞ்ச நேரமாவது எல்லார் மைக்கையும் தெறந்து விடலாமா? பேசாம உக்காந்திருந்தா டி.வி. பாக்குற மாதிரி ஆயிடும்" என்று இலக்கியா கேட்டாள்.

"அறுநூறு வீடும்மா. சந்தைக்கடை ஆயிடும். ஒரு மைக்கும் தெறக்கக் கூடாது" என்றார் ஜி.எம்.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. "அப்ப அத வைத்திலிங்கம் சார் பாத்துக்கட்டும்" என்றாள். வைத்திலிங்கத்துக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடம் மேடையில் பேசியவனுக்கு மற்றவர்கள் வாயை அடைக்கிற வேலை.

பதினோரு மணிக்கு ஆலை ஆபீஸ் அறையிலிருந்து விழா தொடங்கியது. இலக்கியா எழுந்து நிற்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசினாள். ஆலையின் எந்த மூலை என்று கண்டுபிடிக்க ஒரு போட்டோ போட்டாள். பதில்கள் எழுத்தில் மளமளவென்று வந்து விழுந்தன. 'இலக்கியா மேடம் சூப்பர்' என்று நடுநடுவே சிலர் எழுதினார்கள். வைத்திலிங்கம் அதை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு.

பிறகு ஜி.எம். ஆண்டறிக்கை வாசித்தார். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அறுநூற்றிச் சொச்சம் ஐந்நூறு ஆனது, நானூற்றைம்பது ஆனது. வைத்திலிங்கத்துக்கு அன்று முதல் முறையாக மூச்சு லேசாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் போனில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்து மனைவி கலையரசி அனுப்பியிருந்தாள். 'அந்தப் பொண்ணு நல்லா பேசுதுங்க.'

இத்தனை வருடத்தில் தன்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக அவருக்கு நினைவில்லை. விரல் தானாக நகர்ந்தது. எல்லா மைக்கையும் திறக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

குக்கர் விசில், ஆட்டுச் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டின. "ஏய், மாட்டப் புடிச்சுக் கட்டுடா" என்று யாரோ அதட்டினார்கள். ஜி.எம். வாசிப்பதை நிறுத்தி முகம் சிவந்து நிமிர்ந்தார். மைக்கைத் திறக்கலாமா என்று நேற்று கேட்டவள் இவள்தானே, இனி இவளுக்கு மைக் கிடைக்காது என்று வைத்திலிங்கம் நினைத்தார்.

அந்த இரைச்சலுக்குள் கேண்டீன் காத்தாயியின் குரல் கேட்டது. "அரியமுத்து அண்ணே, ஒடம்பு தேவலையா?"

கல் லாரி ஓட்டும் அரியமுத்து, தொற்று வந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பிழைக்க மாட்டார் என்றுகூட ஆலையில் பேசிக்கொண்டார்கள். மற்ற சத்தமெல்லாம் மெல்ல அடங்கியது.

"வூட்டுக்கு வந்துட்டேன் தங்கச்சி" என்றது ஒரு கம்மிய குரல். "இப்பத்தான் சோறு எறங்குது."

"அண்ணே, நாந்தான் பேக்கிங் நல்லுசாமி. எங்கொரலு தெரியுதா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கேட்டார், இன்னும் பலர் கேட்டார்கள். யாரோ அழுதார்கள், உடனே யாரோ கேலி செய்தார்கள், அழுதவரே சிரித்தார். ஜி.எம். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்தார். "அரியமுத்து, நான் பேசறது கேக்குதாய்யா?"

அணைந்த முகங்கள் மறுபடியும் ஏறிக்கொண்டே வந்தன. எழுநூறைத் தாண்டின. ஒரு மணிக்கு முடிய வேண்டிய விழா இரண்டரைக்குத்தான் முடிந்தது.

"நான் வேணான்னதுதாம்மா தப்பு" என்றார் ஜி.எம். இலக்கியாவிடம். "மைக்கத் தெறந்த பாரு, அதான் விழா."

வைத்திலிங்கத்துக்கு அது என் கை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், எதற்காகத் திறந்தாய் என்று கேட்பார்கள்.

"நான் தெறக்கல சார், வைத்திலிங்கம் சார்தான்" என்றாள் இலக்கியா.

"கூட்டத்தோட மனசு தெரிஞ்ச ஆளுய்யா நீரு" என்று ஜி.எம். அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். அவள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் நல்ல எண்ணத்துல தெறக்கலம்மா."

"தெரியும் சார்" என்றாள் அவள், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெறப்பீங்கன்னுதான் ஒங்கள அங்க உக்கார வெச்சேன்."