பீமனுக்கு முதலுதவி

ஆலைச் சங்கு அலறி அடங்கிய மறு நிமிடம் உப்பளம் மைதானத்தில் ஆறு பேர் அடிபட்டுக் கிடந்தார்கள். ஒருவருக்குக் கால் முறிவு. ஒருவருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். மூன்றாமவர் மண்டை பிளந்த நிலையில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மண்டை உடைஞ்சவரே, பீடியை அணைங்க," என்று ஒலிபெருக்கியில் அதட்டினார் கேப்டன் டாக்டர் ஜானகிராமன்.

சீனாக்காரனோடு சண்டை மூண்டிருந்த 1962 நவம்பர் அது. ராணுவ ஆஸ்பத்திரியில் உதவி செய்யப் பெண்களைப் பொறுக்கி எடுக்கக் கேப்டன் சென்னையிலிருந்து வந்திருந்தார். பரீட்சைக்கு நின்றவை ஆறு ஜோடிகள். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம்.

சுலோசனாவுக்கு அந்த இடம் கிடைத்தே ஆகவேண்டும். "தேர்வானா பட்டாளத்துக்குப் போ. இல்லாட்டி வர்ற வெள்ளிக்கிழமை மரவாடி பலராமனுக்குப் பரிசம்," என்று அப்பா சொல்லிவிட்டார். பலராமன், தான் சொல்லப்போகும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்து முடித்துவிட்டு, பிறகு ஜோக்கை மறந்துபோகிற ரகம்.

அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் அகஸ்டினா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' வீட்டுப் பெண். நல்லவள், கைராசிக்காரி. ஆனால் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்தவள். கேப்டன் 'குட்மார்னிங்' சொன்னதற்கு 'போன்ழூர்' என்று பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இவர்கள் பங்குக்கு வந்த 'அடிபட்டவர்' தெருக்கூத்தில் பீமன் வேஷம் கட்டும் தணிகாசலம். எருமைக்கன்று கனம். தலையில் மருந்துக்கும் முடி இல்லை. மல்லாந்து கிடந்து ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை வேறு முத்து முத்தாகப் பூத்திருந்தது.

"மனுஷன் இன்னா நடிப்பு நடிக்கிறாரு பாரேன்," என்றாள் சுலோசனா.

அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நாலே நாலு இங்கிலீஷ் எழுத்து. 'பெயின்' என்று கேப்டன் தன் கையாலேயே எழுதியிருந்தார். வலி சரி, எங்கே வலி என்று இல்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் பரீட்சை.

அகஸ்டினாவும் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பேன்," என்று முணுமுணுத்தாள். உடனே எழுந்து ஓட்டம் பிடித்தாள்.

"ஏ, எங்கடி ஓடுற?"

"தோ வந்துட்டேன். நீ அண்ணனைப் பாத்துக்க."

தலைப்பேனா? சுலோசனா தணிகாசலத்தின் தலையை உற்றுப் பார்த்தாள். வெயில் அதில் கண்ணாடி மாதிரி அடித்தது. பேன் ஒண்டுவதற்கு அங்கே ஒரு மறைவிடம் கூட இல்லை.

"எங்கண்ணே வலிக்குது?"

தணிகாசலம் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி எதையோ காட்டப்போனார். கை பொத்தென்று விழுந்தது.

"போதும்ணே நடிச்சது. எனக்கு மட்டும் கொஞ்சம் கோடி காட்டுங்க. வெள்ளிக்கிழமை வருதுண்ணே."

அவர் கோடி காட்டவில்லை. சுலோசனா எதற்கும் இருக்கட்டும் என்று இடது காலுக்கு ஒரு கட்டுப் போட்டாள். பிறகு வலது காலுக்கு. பிறகு இரண்டு கைக்கும், தாடைக்கும். பக்கத்து ஜோடி தங்கள் ஆளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டிருந்தது.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். "எங்கேம்மா உன் ஜோடி?"

"மருந்து எடுக்கப் போயிருக்கா சார்."

அந்த மருந்து மைதானத்து வாசலில் தெரிந்தது. எதிரே இருந்த மிக்கேல் ரொட்டிக்கடையிலிருந்து முழ நீள ரொட்டி ஒன்றைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு அகஸ்டினா ஓடிவந்தாள். சுலோசனாவின் காதில் பலராமன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

யாரையும் எதுவும் கேட்காமல் அகஸ்டினா தாடைக்கட்டை அவிழ்த்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்தாள். "வாயத் தொறங்கண்ணே."

தணிகாசலம் திறந்தார். முழ ரொட்டியும் உள்ளே போய் முடியும்வரை மூடவில்லை. பிறகு கட்டுகளோடு எழுந்து உட்கார்ந்து அகஸ்டினாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ நல்லா இருக்கணும் தாயி. ராத்திரி முச்சூடும் கூத்தாடிட்டு நேரா வந்தவன். விடியக்காலை அஞ்சு மணிக்கே வரவெச்சாங்க. டீ தர்றோம்னாங்க, தரல. கண்ணு இருட்டிப் பேச்சே எழும்பல. சொல்லலாம்னு பாத்தா இந்தப் பொண்ணு வாயைக் கட்டிடுச்சு."

சுலோசனா தரையைப் பார்த்தாள். கேப்டன் தணிகாசலத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"இவர் இடுப்பு வலின்னு நடிக்க வேண்டியவர். நிஜமாவே பசி மயக்கத்துல கிடந்திருக்கார். நானும் கவனிக்கலே, யாரும் கவனிக்கலே. எல்லாரும் அட்டையைப் பார்த்தோம். இந்தப் பொண்ணு ஒருத்திதான் ஆளைப் பார்த்தா. இந்த ஜோடிக்குத்தான் இடம்."

மைதானம் கைதட்டியது. தீக்காயக்காரர் விசில் அடித்தார். சுலோசனா அகஸ்டினாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இனி பலராமன் தனியாகச் சிரித்துக்கொள்ளட்டும்.

"பக்கத்துலயே இருந்த எனக்குத் தெரியல. அவரு பசியில கெடக்கறாருன்னு நீ எப்படிடி கண்டுபிடிச்ச?"

அகஸ்டினா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான் எங்கடி கண்டுபிடிச்சேன்? அட்டையிலதான் பிரெஞ்சுல 'ரொட்டி'ன்னு எழுதியிருந்துச்சே."